கடைசிப் படகுக்கு முன்

நெடுந்தீவில் ஒரு பிள்ளை விழுந்து கை வீங்கினால் தாய் முதலில் பார்ப்பது மணிக்கூட்டை. குறிகட்டுவானுக்குப் படகு எத்தனை மணிக்கு, காற்று எப்படி, இன்றைக்குப் போனால் இன்றைக்கே திரும்பலாமா என்ற கணக்கெல்லாம் முடிந்த பிறகுதான் மற்றப் பேச்சு. தீவிலேயே ஒரு வைத்தியசாலை உண்டு. ஆனால் எலும்பு முறிவென்றாலோ தலையில் அடியென்றாலோ யாழ்ப்பாணத்துப் பெரியாசுப்பத்திரிக்குத்தான் கொண்டுபோகவேண்டும். ஏறக்குறைய ஒரு மணித்தியாலக் கடல். அதன் பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் என்று நீளும் தரைவழி.

அந்தப் பிள்ளையை முதலில் காணும் டொக்டரோ மிஸ்ஸோ கேட்கும் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "எப்படி நடந்தது?" கிணற்றடியில் வழுக்கினான், கல்மதிலால் குதித்தாள், சைக்கிள் கம்பிக்குள் கால் போய்விட்டது, அடுப்பிலிருந்த கஞ்சி கவிழ்ந்துவிட்டது. பெரும்பாலும் இவை உண்மைதான். பவளக்கல்லை அடுக்கி மதில் கட்டிய தீவில், ஏறி விழாத பிள்ளை எங்கே இருக்கிறது? ஆனால் சில வேளைகளில் அந்தப் பதில் உண்மையில்லை. அந்தச் சில பிள்ளைகளை இனங்காண்பதற்கு உலகின் அவசர சிகிச்சைப் பிரிவுகள் சில எளிய வழிகளை உருவாக்கி, சோதித்தும் பார்த்திருக்கின்றன. அந்த வழிகளை ஊர்காவற்றுறைக்கோ நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியுமா என்பதுதான் என் கேள்வி. முடியாது என்றே நினைக்கிறேன். ஆனால் கடலையும் ஊரையும் கணக்கில் எடுத்து மாற்றியமைத்தால், அவை வேறெங்கேயும்விட இங்கேதான் கூடுதலாகப் பயன்படும்.

கண்முன் கிடந்த காயத்தை வைத்தியர்கள் காண மறுத்த கதை பழையது. 1860 இல் பாரிஸில் அம்புருவாஸ் தார்தியூ என்ற சட்ட வைத்தியர், வளர்த்தவர்களாலேயே கொடுமைப்படுத்தப்பட்ட 32 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அவர்களில் 18 பேர் இறந்திருந்தார்கள். அவர் எழுதியதை மருத்துவ உலகம் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1946 இல் அமெரிக்கக் கதிர்ப்பட நிபுணர் ஜோன் கஃபி, மண்டைக்குள் இரத்தக்கசிவோடு வந்த 6 குழந்தைகளின் கைகால் எலும்புகளில் 23 முறிவுகளை எண்ணினார். அந்த முறிவுகளுக்கு யாராலும் காரணம் சொல்ல முடியவில்லை. அடித்திருப்பார்கள் என்று அவரும் வெளிப்படையாக எழுதவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்பேயும் உடனிருந்தவர்களும் 1962 இல் எழுதிய ஒரு கட்டுரையில்தான் அதை உரக்கச் சொன்னார்கள். 71 வைத்தியசாலைகளில் ஓராண்டில் 302 பிள்ளைகள். 33 பேர் சாவு, 85 பேருக்கு மூளையில் நிரந்தரப் பாதிப்பு. ஒரு தாய் தகப்பன் இப்படிச் செய்வார்கள் என்று நம்ப வைத்தியர்களுக்கே மனம் வருவதில்லை என்பதையும் அந்தக் கட்டுரை ஒளிக்காமல் எழுதியது. ஐந்தாண்டுக்குள் அமெரிக்க மாநிலங்கள் அனைத்திலும் முறையிடும் கடமை சட்டமாகிவிட்டது.

சட்டம் வந்ததால் கண் திறந்துவிடும் என்றில்லை. லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி 2000 பெப்ரவரியில் இறந்தபோது அவள் உடலில் 128 காயங்கள் எண்ணப்பட்டன. அதற்கு ஏழு மாதங்களுக்கு முன், அவளுடைய தழும்புகளைப் பார்த்துச் சந்தேகப்பட்ட ஒரு குடும்பம் அவளை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போயிருந்தது. அங்கே அவை சிரங்கு என்று முடிவுசெய்யப்பட்டன. பிள்ளை வீட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டாள். லேமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை 2003 இல் வெளிவந்தது. அதைப் படிக்கும் எவருக்கும் உறைப்பது ஒன்று: அங்கே கெட்ட மனம் படைத்த வைத்தியர் யாரும் இல்லை. அவசரமும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காத ஒழுங்கீனமும், கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகளும்தான் இருந்தன.

அந்தக் கூச்சத்தைப் போக்க நெதர்லாந்தில் ஒரு வழி கண்டார்கள். காயத்தோடு வந்தாலும் காய்ச்சலோடு வந்தாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறு கேள்விகளை நிரப்பவேண்டும். சொல்லும் கதை முன்னுக்குப் பின் முரணில்லாமல் இருக்கிறதா? தேவையில்லாமல் தாமதித்து வந்தார்களா? பிள்ளையின் வயதுக்கும் வளர்ச்சிக்கும் அந்தக் காயம் பொருந்துமா? பிள்ளையும் பெரியவர்களும் ஒருவரோடொருவர் நடந்துகொள்ளும் விதம் இயல்பாக இருக்கிறதா? உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தபோது கண்டது சொன்ன கதையோடு ஒத்துப்போகிறதா? வேறு ஏதாவது மனதை உறுத்துகிறதா?

ஏழு வைத்தியசாலைகளில், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் வந்துபோன காலத்தில் இதைப் பார்த்தார்கள். தாதியருக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டது. மேலதிகாரிகளின் வற்புறுத்தலும் இருந்தது. 2008 பெப்ரவரியில் நூற்றுக்கு 20 பிள்ளைகளுக்கு நிரப்பப்பட்ட படிவம் 2009 டிசம்பரில் 67 பிள்ளைகளுக்கு நிரப்பப்பட்டது. படிவம் நிரப்பிய பிள்ளைகளிடையே ஐயத்துக்குரிய சம்பவங்கள் நிரப்பாதவர்களிடையே கண்டதைப்போல ஐந்து மடங்கு கண்டறியப்பட்டன.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது, எல்லாப் பிள்ளைக்கும் கேட்பது என்ற முடிவு. தன் மகனை மட்டும் தனியே கூப்பிட்டு விசாரித்தார்கள் என்றால் எந்தத் தாய்க்கும் நெஞ்சு கொதிக்கும். நிறை பார்ப்பதுபோல, காய்ச்சல் பார்ப்பதுபோல எல்லாரிடமும் கேட்டால் அது குற்றச்சாட்டாகத் தோன்றாது. நாலு வேலிக்கு அப்பால் நடப்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும் ஒரு தீவில் இது சிறிய விடயமில்லை.

ஆனால் அந்த ஆறில் இரண்டாவது கேள்வி எங்கள் தீவுகளில் சரிவராது. "ஏன் பிந்தி வந்தீர்கள்?" என்றால், படகு இல்லை என்பது பதில். கடல் கொந்தளித்தது, தகப்பன் தொழிலுக்குக் கடலுக்குப் போயிருந்தார், மற்றப் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்பவையும் பதில்கள். நெதர்லாந்தின் றொட்டர்டாமில் ஒரு இரவு தாமதித்து வந்தால் அது ஐயத்துக்குரிய தாமதம். நெடுந்தீவில் இரவு விழுந்த பிள்ளையோடு விடிந்தபின் வருவதில் ஐயப்பட எதுவும் இல்லை. இதை அறியாத ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு படிவத்தை நிரப்பினால், தீவுப் பிள்ளைகள் எல்லாருக்கும் சந்தேகக் குறி விழும். விழுந்து விழுந்து அந்தக் குறிக்குப் பொருளே இல்லாமல் போகும். மறுபக்கமாக, கடலே எல்லாத் தாமதத்துக்கும் சாட்டாகிவிட்டால் உண்மையான தாமதம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். அதனால் இங்கே கேட்கவேண்டிய கேள்வி வேறு: காயம்பட்ட நேரத்துக்கும் தீவு வைத்தியசாலையின் வாசலுக்கு வந்த நேரத்துக்கும் இடையில் எவ்வளவு? அந்த வாசலுக்கு வரப் படகு தேவையில்லை. கை முறிந்த பிள்ளையை மூன்று நாள் எண்ணெய் பூசி வீட்டில் வைத்திருந்துவிட்டு, நாலாம் நாள் நேரே குறிகட்டுவானுக்குப் படகேறினால், ஏன் என்று கேட்கத்தான் வேண்டும். புக்கை கட்டும் பரியாரியிடம் போயிருந்தார்கள் என்றால் அதுவும் ஒரு பதில்தான். அதையும் எழுதிவைக்கவேண்டும்.

வயதுக்குப் பொருந்துமா என்ற கேள்விக்குக் கடலும் இல்லை, ஊரும் இல்லை. அமெரிக்காவில் 1999 இல் வெளியான ஓர் ஆய்வு, வழமையான பரிசோதனைக்கு வந்த 973 குழந்தைகளின் உடலைப் பார்த்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட 366 பேரில் கண்டல் இருந்தது இரண்டே பேருக்கு. தவழாத, பிடித்து நடக்காத பிள்ளைக்குத் தானாகக் கண்டல் வருவது மிக அரிது. பின்னர் மேரி கிளைட் பியர்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதை ஒரு விதியாக்கினார்கள்: நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மார்பு, வயிறு, முதுகு, காது, கழுத்து ஆகிய இடங்களில் கண்டல் இருந்தாலும், கன்னச் சதையிலோ தாடைக்கோணத்திலோ கண்ணிமையிலோ இருந்தாலும், கைவிரல் பதிந்ததுபோல வடிவோடு இருந்தாலும், ஐந்து மாதம் நிறையாத சிசுவுக்கு உடலில் எங்கே இருந்தாலும் நின்று யோசிக்கவேண்டும். 2021 இல் வெளியான ஆய்வில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் சோதித்தபோது, துன்புறுத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு 95 பேரை அது சரியாகப் பிடித்தது. ஓடி விளையாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் அடி விழும். காதின் பின்புறத்தில் விழாது. இதற்கு ஸ்கேன் வேண்டாம், நிபுணர் வேண்டாம். சட்டையைக் கழற்றிப் பார்க்க ஒரு தாதியும் நல்ல வெளிச்சமும் போதும்.

நல்ல வெளிச்சம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கறுத்த தோலில் கண்டல் எளிதில் தெரியாது. மறுதலையாக, எங்கள் குழந்தைகளில் பலர் இடுப்பிலும் பிட்டத்திலும் நீலத் திட்டுகளோடு பிறக்கிறார்கள். அதைக் கண்டல் என்று நினைத்துக் குடும்பங்களை அலைக்கழித்த கதைகள் மேற்கு நாடுகளில் உண்டு. சூட்டுத் தழும்பு இன்னொரு சிக்கல். காமாலைக்கும் வலிப்புக்கும் சூடு போடும் பழைய வைத்தியத்தின் வடுவும், குழப்படிக்குத் தண்டனையாக வைத்த சூட்டின் வடுவும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். முன்னதில் தீங்கு செய்யும் எண்ணமில்லை, தீங்கு இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பிரித்தறிய ஊரின் வழக்கம் தெரிந்த ஒருவர் அருகில் இருக்கவேண்டும்.

இனி, ஒளிக்காமல் சொல்லவேண்டிய எண்கள். அதே நெதர்லாந்துக் கேள்விகளின் துல்லியத்தை மூன்று வைத்தியசாலைகளில் அளந்தார்கள். 18,275 பிள்ளைகளில் 420 பேருக்குச் சந்தேகக் குறி விழுந்தது. நிபுணர்கள் பார்த்தபோது அவர்களில் 44 பேர்தான் துன்புறுத்தப்பட்டிருக்கக்கூடிய பிள்ளைகள். குறி விழாதவர்களிலும் 11 பேர் தவறவிடப்பட்டிருந்தார்கள். ஆக, குறி விழுந்த பத்தில் ஒன்பது குடும்பங்கள் எந்தக் குற்றமும் செய்யாதவை.

பெரிய நகரத்தில் அந்த ஒன்பது குடும்பங்களும் ஒரு மணிநேரச் சங்கடத்தோடு வீடு திரும்பிவிடும். நயினாதீவில்? வைத்தியசாலை வாசலில் பொலிஸ் மோட்டார்சைக்கிள் நின்றால், பூசைக்குப் போகிறவர்கள் முதற்கொண்டு இறங்குதுறையில் நிற்பவர்கள்வரை அந்தச் செய்தி போய்விடும். "பிள்ளைக்கு அடிச்சுப் பொலிசுக் கேசாப் போச்சாம்" என்ற ஒரு வரி, பிறகு பத்து வருடம் அந்த வீட்டைவிட்டு அகலாது. அடுத்த முறை அந்தத் தாய், உண்மையாகவே விழுந்த பிள்ளையைக்கூட ஆசுப்பத்திரிக்குக் கொண்டுவரத் தயங்குவாள். கேள்விகள் பிள்ளையைக் காப்பதற்காக வந்தவை. தவறாகக் கையாண்டால் அவையே பிள்ளையை வைத்தியசாலையிலிருந்து தூரத்தள்ளும். அதனால் படிவத்தில் விழும் குறி பொலிசுக்குப் போகும் தகவலாக இருக்கக்கூடாது. இன்னொரு வைத்தியர், குழந்தை மருத்துவத்தில் அனுபவமுள்ளவர், பிள்ளையை மறுபடி பார்க்கவேண்டும் என்ற நினைவூட்டலாக மட்டும் இருக்கவேண்டும். உறுதியான அடையாளம் கிடைத்தால் பொலிசுக்குச் சொல்வதில் தயக்கமே கூடாது. இரண்டு படிகளையும் ஒன்றாக்கிவிடுவதில்தான் ஆபத்து.

"எங்கட பிள்ளையை நாங்கள் அடிக்காமல் வேற ஆர் அடிக்கிறது?" என்ற கேள்வியையும் சந்திக்காமல் இந்த விடயத்தைப் பேச முடியாது. கிளவுடியா கட்டானியும் சக ஆய்வாளர்களும் 2008 இல் வெளியிட்ட ஆய்வு, வடகிழக்கில் 296 தமிழ் மாணவர்களை அவர்களின் தாய்மொழியிலேயே நேர்கண்டது. 82.4 சதவீதத்தினர் போர் சார்ந்த ஒரு சம்பவத்தையாவது அனுபவித்திருந்தார்கள். வீட்டுக்குள் ஏதேனுமொரு வன்முறையைச் சந்தித்தவர்கள் 95.6 சதவீதம். அதாவது, போர் தொடாத பிள்ளைகளைவிட வீட்டில் அடி தொடாத பிள்ளைகள் குறைவு. பிள்ளை படும் துன்பத்தோடு சேர்ந்து நடந்தவை இரண்டு: தகப்பனின் குடியும், குடும்பம் பட்ட போர் அனுபவமும்.

இந்த நிலையில் "வீட்டில் அடிப்பார்களா?" என்று கேட்டு ஒரு பிள்ளையையும் பிரித்தறிய முடியாது. எல்லாப் பிள்ளையும் ஆம் என்றே சொல்லும். அந்த ஆறு கேள்விகளின் நுட்பம் எனக்கு இங்கேதான் விளங்கியது. அவற்றில் எதுவும் அடியைப் பற்றிக் கேட்கவில்லை. கதையும் காயமும் பொருந்துகின்றனவா என்று மட்டும் கேட்கின்றன. ஆனாலும் அடி சாதாரணம் என்ற எண்ணம் கேட்கிறவரின் மனதிலும் இருக்கும். பூவரசங் கம்பின் தழும்பைக் காணும் தாதிக்குத் தன் சின்ன வயது நினைவுக்கு வந்து, "இதென்ன பெரிய விசயம்" என்று தோன்றலாம். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையில் 1995 இல் சேர்க்கப்பட்ட 308அ பிரிவு, பிள்ளையைக் கொடுமைப்படுத்துவதை இரண்டு முதல் பத்து ஆண்டுவரை சிறைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் எழுதி முப்பது வருடமாகியும் மனது அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

தகப்பனின் குடி பற்றிச் சொன்னேன். அதே நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் 2007 முதல் இன்னொரு வழியைக் கைக்கொண்டார்கள். பிள்ளையைப் பார்ப்பதோடு நில்லாமல் பெற்றோரையும் பார்த்தார்கள். வீட்டு வன்முறையால் காயப்பட்டு வரும் தாய், தற்கொலைக்கு முயன்று வருபவர், குடியிலோ போதையிலோ நிலைதவறி வருபவர் ஆகிய மூவகையினரிடமும் "வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா?" என்று கேட்கவேண்டும், இருந்தால் உதவிக்கு ஆள் அனுப்பவேண்டும். முன்பு ஒரு லட்சம் நோயாளருக்கு ஒருவர் என்றிருந்த அறிவிப்பு 64 ஆக உயர்ந்தது. அப்படி அறிவிக்கப்பட்ட பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேரின் நிலை உண்மையாகவே மோசமாக இருந்தது. பிள்ளையின் காயத்தைப் பார்த்து ஊகித்தபோது பத்தில் ஒன்பது தவறாகப் போனது. பெற்றோரின் நிலையைப் பார்த்துக் கேட்டபோது பத்தில் ஒன்பது சரியாக வந்தது. தீவுகளில் எதையாவது ஒன்றை மட்டும் தொடங்க முடியுமென்றால், என் தெரிவு இதுதான். அலரி விதை அரைத்துக் குடித்துவிட்டு வரும் தாய்க்கு வயிறு கழுவிக் காப்பாற்ற எங்கள் ஊர் டொக்டர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த இரவு அவள் பிள்ளைகள் யாரோடு படுத்திருக்கிறார்கள் என்று கேட்பது, கூடவே எழுதக்கூடிய ஒரு வரிதான்.

தீவுகள் செய்தியில் வருவது பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகு. 2015 மே மாதத்தில் புங்குடுதீவு மாணவி ஒருவர் கொல்லப்பட்டபோது வடக்கே கொந்தளித்தது. 2017 செப்டம்பரில் மூன்று நீதிபதிகள் அடங்கிய மன்று ஏழு பேருக்கு மரணதண்டனை விதித்தது. அந்தக் கொடூரம் வெளியே, பற்றைக்குள் நடந்தது. அதனால் ஊர் திரண்டது. சுவருக்குள் நடப்பதற்கு ஊர் திரளாது. 2021 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் ஒரு இளந்தாய் தன் கைக்குழந்தையை அடிக்கும் காணொளி பரவி அவர் கைதானார். வெளியுலகம் அந்தக் குழந்தையைக் கண்டது கைத்தொலைபேசித் திரையில். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஒரு படம் பிடிபடாது.

இலங்கையில் வழி இல்லையென்று சொல்ல முடியாது. பேராசிரியர் ஹரேந்திர டி சில்வா போன்ற குழந்தை மருத்துவர்கள் தொண்ணூறுகளில் விடாமல் பேசியதன் விளைவாக, 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை உருவானது. அவரே அதன் முதல் தலைவர். 1929 என்ற இலக்கத்துக்குத் தமிழிலும் அழைக்கலாம். குழந்தை மருத்துவர் கல்லூரி 2014 இல் ஒரு தேசிய வழிகாட்டியும் வெளியிட்டது. சந்தேகம் வந்தால் பிள்ளையை வாட்டில் அனுமதிக்கவேண்டும். சட்ட வைத்திய அதிகாரி பார்க்கவேண்டும். பிறகு குழந்தை மருத்துவர், மனநல மருத்துவர், பொலிஸ், நன்னடத்தை உத்தியோகத்தர், அந்தப் பகுதிச் சுகாதார அதிகாரி எல்லாரும் ஒரு மேசையில் இருந்து, பிள்ளை எங்கே போகவேண்டும் என்று தீர்மானிக்கவேண்டும். நல்ல ஏற்பாடு. வாட்டில் வைத்திருப்பது தண்டனையில்லாத பாதுகாப்பு. "காய்ச்சல் குறையட்டும், நாளைக்குப் பார்ப்போம்" என்றால் ஊருக்கும் சந்தேகம் வராது.

ஆனால் அந்த மேசை யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. தீவுப் பிள்ளைக்கான தீர்மானம் அதற்கு முன்பே, மருந்து கட்டிய கையோடு வீட்டுக்கா படகுக்கா என்ற இடத்திலேயே, பெரும்பாலும் ஓர் இளம் வைத்தியரின் தனி முடிவாக முடிந்துவிடுகிறது. அவர் இந்த ஊரவராக இல்லாமலிருக்கலாம். அடுத்த வருடம் இடமாற்றத்தில் போய்விடுவார். முதலாவதாக, காயத்தின் படத்தை, முகத்தை மறைத்து, பெரியாசுப்பத்திரியின் குழந்தை மருத்துவருக்குக் காட்டி, அனுப்பவா வைத்திருக்கவா என்று அப்போதே கேட்க ஒரு நிரந்தரத் தொலைபேசி இலக்கம் அவருக்கு வேண்டும். தனியே முடிவெடுக்கும் பயம்தான் பல வேளைகளில் முடிவெடுக்காமல் விடச் செய்கிறது.

இரண்டாவது, கிளினிக் கொப்பி. இலங்கையில் பிறக்கும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு இருக்கிறது. அதில் நிறைக்கோடு எந்த மாதத்தில் சரிந்தது, எந்தத் தடுப்பூசி தவறியது என்பதெல்லாம் தெரியும். அமெரிக்காவில் 2013 இல் வெளியான ஓர் ஆய்வில், துன்புறுத்தல் உறுதியான 200 சிசுக்களில் நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்கு அதற்கு முன்பே ஒரு சிறு காயம் இருந்திருக்கிறது. ஒரு கண்டல், வாய்க்குள் ஒரு கிழிசல் என்ற அளவில்தான். சில்லறைக் காயம் என்று யாரும் எழுதிவைக்காவிட்டால் அடுத்த வைத்தியர் அதை அறியமாட்டார். கொப்பியின் ஒரு பக்கத்தை, வந்த காயங்களைத் தேதியோடு குறிக்க ஒதுக்கலாம். ஊர்காவற்றுறையில் ஒரு முறை, யாழ்ப்பாணத்தில் ஒரு முறை, தனியார் கிளினிக்கில் ஒரு முறை என்று சிதறிப்போவதை அந்தப் பக்கம் ஒன்றுசேர்க்கும். வீடு வீடாகப் போகும் குடும்பநல மாதுவுக்கு அந்தப் பக்கம் எந்தப் படிவத்தையும்விட அதிகம் பேசும். எந்த வீட்டில் சமையல் நின்றுவிட்டது, எந்தத் தாய் படுக்கையைவிட்டு எழும்புவதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

ஏழ்மையைக் குற்றமாக்கிவிடும் ஆபத்தும் இதில் உண்டு. தாய் கூலிக்குப் போனபின் ஆறு வயது அக்கா பார்த்துக்கொண்டிருந்த தம்பி கட்டில்லாத கிணற்றில் விழுந்தால், அந்த வீட்டுக்குத் தேவை கிணற்றுக்கு ஒரு கட்டும், பகலில் பிள்ளையை விட ஒரு இடமும். அதைப் பிரதேச செயலகத்துக்கு எழுதுவதும் இந்த இனங்காணலின் பயன்தான். கண்டுபிடிப்பதற்கு மட்டும் ஆள்வைத்து, கொடுப்பதற்கு ஒன்றும் வைக்காவிட்டால் சனம் அதை உளவாகத்தான் பார்க்கும்.

மூன்றாவது, பிள்ளையோடு படகேறும் கடிதம். முறிந்த எலும்பின் பெயரும் கொடுத்த ஊசியின் அளவும் அதில் எப்போதும் இருக்கும். அதோடு நாலு வரி சேர்க்கவேண்டும்: காயம்பட்டதாகச் சொல்லப்பட்ட நேரம், எங்கள் வாசலுக்கு வந்த நேரம், அன்றைய படகு நேரம், கூட்டிவந்தவர் சொன்ன கதை, அவர் சொன்ன சொல்லிலேயே. மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளையென்றால், பெரியவரைத் துண்டு வெட்ட வெளியே அனுப்பிவிட்டு, "என்னப்பன் நடந்தது?" என்று கேட்டதற்குப் பிள்ளை சொன்ன பதிலும். பண்ணைப் பாலம் தாண்டி இரவு எட்டு மணிக்கு அந்தப் பிள்ளையைப் பார்க்கும் வைத்தியர் அதே கேள்வியை மறுபடி கேட்பார். அப்போது கதை மாறியிருந்தால், அதை அறிய அவரிடம் இருக்கப்போவது அந்தத் தாள்தான்.